அவகாசம் உண்டோ?

தொண்ணூறுகளின் பிற்பாதியில், கேரளத்தில் பாறசாலைக்குப் பக்கம், கொல்லயில் என்ற பஞ்சாயத்தில், ஒரு கைத்தறித் துண்டுக் கம்பெனியில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். பெயருக்குத்தான் டைப்பிஸ்ட். கடிதம் அடிப்பது, போன் எடுப்பது, முதலாளிக்குக் கோபம் வரும்போது எதிரே நிற்பது எல்லாம் என் தலையில்தான். நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தறிகளிலிருந்து துணி வரும். அதற்குச் சாயம் ஏற்றி, வெட்டி, ஓரம் தைத்து, தொங்கும் நூலை நறுக்கி, மடித்துப் பெட்டியில் அடைக்கிற வேலை இங்கே. பெட்டி கொச்சிக்குப் போய் அங்கிருந்து கப்பலேறும். எங்கோ ஒரு வெள்ளைக்காரி தன் அடுக்களையில் அந்தத் துண்டால் தட்டைத் துடைப்பாள். அவளுக்கு ஒரு நாள், இந்தத் துண்டை யார், எப்படிச் செய்கிறார்கள் என்று மனசாட்சி குத்திவிட்டது போல. அதில் தொடங்கியது எங்கள் கூத்து.

சரக்கு வாங்குகிற கம்பெனி ஒரு புத்தகம் அனுப்பியது. சப்ளையர்கள் கடைப்பிடிக்க வேண்டிய நெறிமுறைகள். வழவழப்பான தாள், இங்கிலீஷ். சாயத் தண்ணீரை ஓடையில் விடக்கூடாது, தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும், வேலைக்காரர்களுக்குக் குடிதண்ணீரும் கக்கூசும் வேண்டும். வாசித்தபோது உண்மையிலேயே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம்மைப் பற்றிக் கவலைப்பட கடலுக்கு அப்பால் ஒரு ஆள் உண்டே என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முப்பது பெண்கள் வேலை செய்த இடத்தில் கக்கூஸ் கிடையாது. கம்பெனிக்குப் பின்னால் மரச்சீனி விளை, மரவள்ளிக் கிழங்குத் தோட்டம். மரச்சீனி ஆளுயரம் வளர்ந்து நிற்கும்போது பிரச்சினை இல்லை, உள்ளே போய்விட்டு வரலாம். கிழங்கு பிடுங்கிவிட்டால் வெறும் மண். ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் ஆள் உட்கார்ந்திருப்பது தெரியும். அந்த மாதங்களில் பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள்.

நூல் நறுக்குகிறவர்களில் ஒருத்தி என் கூட்டுக்காரி, சிநேகிதி. என்னைவிட நாலைந்து வயது இளையவள், எல்லைக்கு அக்கரையில், களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டிலிருந்து வருவாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. சந்தை மலையாளம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு, பத்திரிகை மலையாளம் மட்டும் ஏறாது. ஒரு தடவை நீர்க்கடுப்பு முற்றி, குளிர்காய்ச்சல் வந்து, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்த அன்று என்னிடம் சொன்னாள்:

"நெறையத் தண்ணி குடிக்கணுமாம் எக்கா. அடக்கி வைக்கப்பிடாதாம். இனியும் இப்பிடி வந்தா கிட்னிக்குப் பிடிக்கும்னு டாக்டர் சொல்லியாச்சு. தண்ணி குடிச்சா போகணும். போகணும்னா நான் எங்க போக?"

நான் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். கக்கூஸ் கட்டாமல் இனி ஒரு துண்டுகூடக் கப்பலேறாது என்றேன். அவள் முகம் தெளிந்தது.

முதலாளி கட்டத்தான் செய்தார். வெள்ளை ஓடு, நீலக் கதவு, வெளியே ஒரு குழாய். அடேயப்பா, எங்கள் பலருடைய வீட்டு அடுக்களைகூட அத்தனை சுத்தமாக இருக்காது. கட்டி முடித்த அன்றே ஒரு பூட்டையும் போட்டார். சாவியை என் மேசை மேல் வைத்தார்.

"பரிசோதனைக்கு ஆளு வாறது வரை ஒருத்தியும் உள்ள போகப்பிடாது. கேட்டியா பிள்ளே?"

சாவியை இழுப்பறைக்குள் போட்டேன். பரிசோதனை முடியட்டும், அப்புறம் திறந்துவிடுவார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். புத்தகத்தோடு வந்த கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் 'உண்டு' என்று டைப் அடித்தேன். தீயணைக்க வசதி உண்டா? உண்டு, முந்தின நாள் வாங்கிய இரண்டு வாளி, அதில் மணல். சாயத் தண்ணீர் சுத்தமாக்கப்படுகிறதா? ஆகிறது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பரிசோதகர் வந்த அன்று சாய அறைக்கு விடுமுறை. ஓடையில் தெளிந்த தண்ணீர் ஓடியது, வாத்துகள் நீந்தின.

வாங்குகிற கம்பெனி அனுப்பிய பரிசோதகர் கொச்சிக்காரர், நல்ல மனுஷன் மாதிரித்தான் இருந்தார். கக்கூஸைத் திறந்து காட்டினோம், தலையாட்டினார். பிறகு மடிக்கிற அறைக்கு வந்து, பெண்களிடம் தனியாகப் பேச வேண்டும் என்று முதலாளியை வெளியே அனுப்பினார். பாஷைக்கு உதவியாக நான் ஒரு ஓரத்தில் நின்றேன். எல்லோருக்கும் மலையாளம் தெரியும்தானே, உதவி எதற்கு என்று சிரித்தார். கண்ணில் பட்டவளைக் கூப்பிட்டார். அவள் என் கூட்டுக்காரி.

தாளைப் பார்த்துக் கேட்டார்: "கக்கூஸ் உபயோகிக்கான் அவகாசம் உண்டோ?"

மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. கொடி பிடித்து ஊர்வலம் போகிறவர்களுக்கு அது மனப்பாடம். எங்கள் கம்பெனியில் கொடியும் கிடையாது, சங்கமும் கிடையாது. அவளுக்குத் தெரிந்த அவகாசம் தமிழ் அவகாசம்.

"அவகாசமா?" என்று அவள் சிரித்தாள். "நல்ல கேள்வி கேட்டிய சாறே! தலையைச் சொறியவே அவகாசம் இல்ல, பின்னல்லவா கக்கூசு!"

மற்றப் பெண்களும் சிரித்தார்கள். பரிசோதகர் சிரிக்கவில்லை.

"ஒட்டும் இல்லே?" கொஞ்சம்கூட இல்லையா என்று கேட்டார்.

"ஒட்டும் இல்ல."

அவர் எழுதினார். எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. அவள் நேரமில்லை என்று சொல்லியிருக்கிறாள், அவர் உரிமையில்லை என்று எழுதுகிறார். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். எதற்குத் திருத்த வேண்டும்? தப்பாகக் கேட்டு, தப்பாகப் புரிந்து, கடைசியில் எழுதியது என்னவோ சத்தியம்தானே! உள்ளுக்குள் குதூகலமாகக்கூட இருந்தது. மாட்டினார் முதலாளி என்று நினைத்தேன். மாட்டியது யார் என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டு வாரத்தில் அந்தக் கம்பெனியின் கொச்சி ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. கக்கூஸைப் பயன்படுத்த உரிமை இல்லை என்று தொழிலாளி ஒருவர் சொல்லியிருக்கிறார், விளக்கம் வரும்வரை அடுத்த சரக்கை எடுக்க மாட்டோம். முதலாளி கடிதத்தை என் முன்னால் வீசினார்.

"ஆரு சொன்னா இது? அந்த அக்கரைக்காரிதானே? அவளை நாளைக்கு வரண்டாம்னு சொல்லு."

அவள் வீட்டில் அவள் ஒருத்தியின் சம்பாத்தியம்தான். அவசர அவசரமாக வார்த்தை மாறிப்போன கதையைச் சொன்னேன். அவள் உங்களைக் குற்றம் சொல்லவே இல்லை, நேரத்தைப் பற்றித்தான் சொன்னாள் என்றேன். முதலாளி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அம்புட்டுத்தானா? அப்ப அதையே எழுது. தமிழில அவகாசம்னா நேரமாக்கும்னு எழுது."

"அப்பிடி எழுதினா, கக்கூசுக்குப் போக நேரம் குடுக்கியதில்லன்னு ஆகும் சாறே."

சிரிப்பு நின்றது. யோசித்தார்.

"அப்ப, அவ தமாசுக்குச் சொன்னா, நேரம் இஷ்டம் போல உண்டுன்னு எழுது. அவளே கையெழுத்துப் போடட்டு. போட்டா வேலையில இருக்கலாம்."

இருக்கிற தைரியத்தை எல்லாம் கூட்டி ஒன்று கேட்டேன். "சாறே, கக்கூசைத் திறந்து விட்டிருங்க. பொறவு நான் என்ன வேணும்னாலும் எழுதுதேன்."

"நல்ல கதை! வருஷா வருஷம் அவன் வந்து பாப்பான் பிள்ளே. இவளுவ உள்ள போனா ஒரு மாசத்தில நாசமாக்கிப் போடுவாளுவ. அது காட்டுறதுக்கு உள்ளதாக்கும்."

காட்டுவதற்கு உள்ளது! அந்தப் புத்தகத்தை எழுதியவன் கையில் கிடைத்தால் இந்த ஒரு வாக்கியத்தை அவன் காதில் கத்தியிருப்பேன். கத்தவில்லை. உட்கார்ந்து டைப் அடித்தேன். நல்ல இங்கிலீஷில், ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தேன்.

அவளைக் கூப்பிட்டேன். "இதில என்ன எழுதியிருக்கு எக்கா?" என்று கேட்டாள்.

"உனக்கு நேரம் உண்டுன்னு எழுதியிருக்கு மக்கா."

"எதுக்கு நேரம்?"

"எல்லாத்துக்கும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் பெயரைத் தமிழில் மெதுவாக எழுதினாள். வேலை போகவில்லை. நான்தான் காப்பாற்றினேன் என்று சில நாள் என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன், வெட்கக்கேடு.

பதில் வந்தது. விளக்கம் திருப்தி, சரக்கை அனுப்பலாம். பாஷைக் குழப்பம் இனி வரக்கூடாது என்று ஒரு அறிவிப்பையும் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். சுத்தமான தமிழ். முதலாளி அதை நீலக் கதவில் ஒட்டச் சொன்னார். பூட்டுக்கு ஒரு சாண் மேலே ஒட்டினேன்.

மறுநாள் மத்தியானம் என் கூட்டுக்காரி அதன் முன்னால் நின்று எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசிப்பது அலுவலகத்துக்குள் கேட்டது. "கழிவறையைப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை உண்டு." பிறகு நேராக என் மேசைக்கு வந்தாள். முகம் வெளுத்து, அடிவயிற்றைக் கையால் பிடித்திருந்தாள்.

"எக்கா, சாவி தாங்க."

"முதலாளி திருவனந்தபுரம் போயிருக்காரு மக்கா. வரட்டு, கேட்டுத் தாறேன்."

"உரிமை உண்டுன்னு ஒட்டியிருக்கே. இதில மாறிப்போக ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"பொறவு என்ன?"

நான் டைப்ரைட்டரில் இருந்த தாளைச் சரிசெய்தேன். அவள் போகாமல் நின்றாள்.

"எக்கா, ஒண்ணு கேக்கட்டா? நீங்க எங்க போவிய?"

நான் எங்கே போவேன்? அலுவலகத்துக்குப் பின்னால் முதலாளி வீடு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, ஆபீஸ் பெண்ணல்லவா, எங்கள் குளிமுறிக் கக்கூசுக்குப் போய்க்கொள் என்று அவர் மனைவி சொல்லியிருந்தார். ஆறு வருஷமாகப் போய்வந்துகொண்டிருந்தேன். அதுவரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இவ்வளவு எழுதும்போதும் எனக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை பாருங்கள்.

"முதலாளி வீட்டில," என்றேன்.

அவள் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. "ஓ," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். சாவி இழுப்பறைக்குள், என் முழங்கையிலிருந்து ஒரு முழ தூரத்தில் கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.