கடுக்காய்க்குப் போவதில்லை என்று சொன்ன ஊர்

ஜனவரியில் ஜவ்வாது மலைக்குப் போனேன். மலைவாழ் மக்களின் உரிமை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர், சட்டக் கல்லூரிப் பேராசிரியர் கிரேஸைப் பேட்டி காண வேண்டியிருந்தது. அவர் பேட்டி தருவதில்லை. கிராம சபைக்கு வரச் சொல்வார்.

காலை ஆறரைக்கு அவரும் நானும் ஆம்பூரில் பேருந்து ஏறினோம். வாணியம்பாடி பதினேழு கிலோமீட்டர். அங்கே வேறு பேருந்து மாறி, ஆலங்காயம் வழியாக மலை. இருவருக்கும் நூற்றிருபது ரூபாய். பிரியாணிக் கடைகள் திறக்காத நேரத்தில் ஆம்பூரைக் கடப்பது வருத்தமான அனுபவம். டீ குடித்தேன்.

வழியில் விஷயத்தைச் சொன்னார். காட்டில் பொறுக்கும் கடுக்காய் ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடப் போகிறது. கிரேஸின் அப்பா அப்படியொரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே கடுக்காய்க்கு மரியாதை உண்டு. சுமந்து வருபவருக்கு வனத்துறைச் சோதனைச் சாவடியில் அது கிடையாது, மூட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். பொறுக்கும் உரிமை கேட்டு ஊர் மனுப் போட்டிருந்தது. காலங்காலமாகப் போகிறோம் என்று சபையில் ஊரே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மனு அங்கேயே முடிந்தது.

பள்ளிக்கூட வாசலில் கூட்டம். காட்டுக்குக் கடுக்காய் பொறுக்கப் போவீர்களா என்று அதிகாரி மரியாதையாகவே கேட்டார்.

"போறதே இல்ல சார்" என்றார் முன்வரிசைப் பெரியவர். ஊரே தலையாட்டியது. காக்கிச் சட்டை எதிரே நின்றால் அப்படிச் சொல்லித்தான் இத்தனை காலம் பிழைத்திருக்கிறார்கள். அதிகாரி நிம்மதியாகப் பேனாவைத் திறந்தார்.

கிரேஸுக்குச் சட்டப் பிரிவுகள் மனப்பாடம். ஒன்றையும் சொல்லவில்லை. கடைசி வரிசையிலிருந்து எழுந்தார்.

"சாவடியில யாரோட மூட்டையெல்லாம் புடுங்கினாங்க? கை தூக்குங்க."

கோவிந்தம்மாள் என்பவர் எழுந்து, ஓரமாக நின்ற வனக்காவலரைக் காட்டினார்.

"போன வருஷம் என்னுத இவருதான் புடுங்கினாரு. காட்டுக்குப் போவாம எனக்கு இன்னா வூட்லயா காய்ச்சிது? எங்க மாமியாளாண்ட இவரு அப்பாரு புடுங்கினாரு."

"அப்பாவும் டூட்டியத்தாம்மா பார்த்தாரு" என்றார் காவலர்.

இரண்டு தலைமுறைக்கான சாட்சியம் அரசுத் தரப்பிலேயே கிடைத்துவிட்டது. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன, பெரியவருடையது கடைசியாக. தீர்மானம் நிறைவேறியது. மனு இன்னும் கோட்ட, மாவட்ட அளவில் இரண்டு குழுக்களைத் தாண்ட வேண்டும்.

கூட்டங்களில் பேசும் வல்லுநர்கள் பலரைக் கேட்டிருக்கிறேன். பேச வேண்டியவர்களைப் பேசவிட்டு உட்கார்ந்த வல்லுநரை இப்போதுதான் பார்க்கிறேன்.

போகிறவர்களுக்கு: கம்பளி அவசியம். கடைசிப் பேருந்து நான்கு மணிக்கு, சாவடியில் நிற்கும். அன்று கோவிந்தம்மாளும் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்தார். மூட்டையில் என்ன என்று அங்கிருந்த வேறொரு காவலர் கேட்டார்.

"கடுக்கா. காட்லேர்ந்து" என்றார், கேட்காத கேள்விக்கும் சேர்த்து.

காவலர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கம்பத்தை உயர்த்தினார்.