இடது கக்கத்தில் நூற்றொன்று

டிப்போவில் அவருக்கு ‘அஞ்சு நிமிஷம்’ என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே தடத்தில் பஸ் ஓட்டுகிறவர். அந்தப் பெயர் பதினாறாம் வருஷத்தில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. நிறுத்தமே இல்லாத இடத்தில் வண்டியை ஓரங்கட்டுவார், பிரேக்கை இழுப்பார், யாரையும் திரும்பிப் பார்க்காமல் "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடுவார். ஒன்பதாவது நிறுத்தம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க். அங்கே கழிப்பறைச் சாவியை அவருக்கென்றே தனி ஆணியில் மாட்டி வைத்திருந்தார் பங்க்காரர். திரும்பி வந்து ஏறும்போது ஐம்பது பயணிகளும் அவரைப் பார்க்காதது போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாராவது திட்டினால்கூடத் தேவலை. அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது.

குரோன்ஸ் நோய் என்றார் மருத்துவர். கண்டதைத் தின்று வந்ததல்ல. உடம்பைக் காக்க வேண்டிய காவல்படையே ஆள் தெரியாமல் சொந்தக் குடலைப் போட்டு அடிக்கிறது என்று காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். மாத்திரை தின்று முகம் பூசணி மாதிரி ஊதியதுதான் மிச்சம், வயிறு அடங்கவில்லை. எடை நாற்பத்தொன்பது கிலோவுக்கு இறங்கியதும் ஸ்டியரிங்கைப் பறித்துக்கொண்டு, தொலைந்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். குடைகள், ஒற்றைக் கையுறைகள், ஒரு தடவை முழுப் பல்செட். அதை உரியவர் வந்து வாங்கிப் போனதாக வீட்டில் சொன்னபோது, "வாயைத் திறந்து என்னன்னுங்க கேட்டாரு?" என்றாள் மனைவி. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த மருந்து. உயிருள்ள செல்களை வளர்த்து அவற்றிலிருந்து எடுப்பது. எட்டு வாரத்துக்கு ஒரு முறை மருத்துவமனைக்குப் போய், சாய்வு நாற்காலியில் படுத்து, கை நரம்பு வழியாக இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொள்ள வேண்டும். அது போய் அந்தக் காவல்படையைக் கொஞ்சம் உட்கார வைக்கும். மூன்றாவது முறை ஏற்றிக்கொண்ட வாரத்தில் ஒரு நாள் வயிறு நிறையச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கழிப்பறைக் கதவையே பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வயிறு வாயே திறக்கவில்லை. வருஷம் திரும்புவதற்குள் ஸ்டியரிங் கைக்கு வந்துவிட்டது.

ஒரே ஒரு நிபந்தனை. காவல் இறங்கிய வீட்டில் திருடன் சுலபமாகப் புகுவான் என்பதால், காய்ச்சலோ தொற்றோ இருக்கிற அன்று மருந்து ஏற்ற மாட்டார்கள். போன குளிர்காலத்தில் ஒரு சளிக்காய்ச்சலால் மூன்று வாரம் தள்ளிப்போனது. மூன்றாவது வாரமே வண்டி மறுபடி பங்க்கில் நின்றது, ஆணியிலிருந்து சாவி இறங்கிவிட்டது. டிப்போ மேலாளர் கூப்பிட்டு, இன்னொரு தடவை நடுவழியில் வண்டி நின்றால் கவுண்டருக்கே போக வேண்டியிருக்கும் என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார்.

ஆகவே இந்தத் தடவை அவர் உடம்பைக் கண்ணாடிப் பாத்திரம் போலப் பார்த்துக்கொண்டார். இருமுகிறவர்களைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போனார். இன்னொன்றும் செய்தார். போன முறை நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்திய நர்ஸ், "அடுத்த தடவை நல்லா தண்ணி குடிச்சிட்டு, கையைச் சூடா வச்சுக்கிட்டு வாங்க டிரைவர் சார். நரம்பு தானா எழுந்துக்கும்" என்று சொல்லியிருந்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்வது அவர் வழக்கம். மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் மகளின் ரப்பர் வெந்நீர்ப் பையைக் கொதிக்கக் கொதிக்க நிரப்பி, கோட்டுக்குள்ளே இடது கையோடு அணைத்து வைத்துக்கொண்டார். மனைவிக்குச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் சாயங்காலமே அவள் அக்காவுக்குத் தெரியும், பிறகு பத்து வருஷத்துக்கு எந்த வீட்டு விசேஷத்திலும் தலை காட்ட முடியாது.

பஸ்ஸில் கூட்டம். கூட வந்த மனைவிக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது, அவர் வலது கையால் கம்பியைப் பிடித்து நின்றார். வண்டி குலுங்கக் குலுங்கப் பை மேலேறிக் கக்கத்தில் போய் உட்கார்ந்தது. முக்கால் மணி நேரம் அதை இடுக்கியபடியே வந்தார். மருத்துவமனைக் கழிப்பறைக்குள் போய்ப் பையைத் துண்டில் சுற்றி, கொண்டுவந்த துணிப்பையின் அடியில் செருகினார். வெளியே வந்ததும் கூப்பிட்டுவிட்டார்கள்.

எடை அறுபத்தெட்டு. நர்ஸுக்கே சந்தோஷம். வலது கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, இடது கக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்தாள். அது கத்தியது. எடுத்துப் பார்த்தவள் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது.

"நூத்தியொண்ணு காட்டுதே. எப்போலேருந்து காய்ச்சல்?"

"எனக்கா?" என்றார் அவர்.

மருந்து இன்னும் குளிர்ப்பெட்டியில்தான் இருந்தது. அவள் சரி என்று சொன்ன பிறகுதான் கலக்குவார்கள். கலக்கிவிட்டால் எடுத்து வைக்க முடியாது. டாக்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன், ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ வரச் சொல்வார் என்று நினைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவருக்குக் காலையிலிருந்து நன்றாக இருந்த தொண்டை இப்போது கரகரத்தது. முழங்கால் வலித்தது. சாவி தொங்கும் ஆணி கண்ணுக்குள் வந்து நின்றது. மனைவி நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சில்லுன்னுதானே இருக்கு."

"உள்காய்ச்சலா இருக்கும்" என்றார் ஈனசுரத்தில். உடம்பு நிஜமாகவே நடுங்கியது. போர்த்தலாம் என்று துண்டைத் தேடி அவள் துணிப்பைக்குள் கைவிட்டாள். விட்ட கை அப்படியே நின்றது.

"என்னங்க இது? உள்ள ஏதோ சூடா, தளதளன்னு கிடக்கு. குட்டி எதையாவது புடிச்சிட்டு வந்துட்டீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார். வெந்நீர்ப் பை வெளியே வந்தது. சுற்றிலும் மருந்து ஏறிக்கொண்டிருந்த நாலு பேரும் தலையைத் திருப்பினார்கள்.

"இதை எங்க வச்சிருந்தீங்க?"

அவர் இடது கையை மெல்லத் தூக்கிக் காட்டினார். அவள் அந்தக் கக்கத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையைக் கையில் எடுத்துக்கொண்டு நர்ஸைத் தேடி ஓடினாள்.

நர்ஸ் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள், பிறகு வலது பக்கமும் வாயிலும் பார்ப்பேன், டாக்டரும் வந்து பார்க்கட்டும் என்றாள். ஐந்து நிமிஷத்தில் எதையும் முடித்துப் பழகியவருக்கு அந்த அரை மணி நேரம் நகரவே இல்லை. எதிர்ச் சுவர்க் கடிகாரத்தின் முள் ஒவ்வொரு கோட்டிலும் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அவர் கையை விடவில்லை. கேலியும் செய்யவில்லை, அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

வலது பக்கம் தொண்ணூற்றெட்டு. வாயில் அதைவிடத் துளி கூடுதல். டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்து, நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்துக் கேட்டு, நாலைந்து கேள்வி கேட்டார். கடைசியில், "ஒண்ணும் இல்ல. மருந்தைக் கலக்கச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார்.

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆறு வருஷமாக அந்த வயிற்றில் யாரும் அப்படி வார்த்ததில்லை. மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெந்நீர்ப் பையின் மூடியை இறுக்கினாள், அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

நர்ஸ் பட்டையைக் கட்டினாள். முழங்கை மடிப்பில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்து நின்றது. ஒரே குத்து.

"பை வேலை செஞ்சிருக்கு சார்" என்றாள். "அடுத்த தடவை கையில மட்டும் வைங்க."

முதல் சொட்டு விழுந்தது. அதற்கு முன் கொடுத்த மாத்திரை கண்ணைச் சொருகியது. தூக்கம் முழுசாக வருவதற்குள், மனைவி வராந்தாவில் போனில் பேசுவது காதில் விழுந்தது. "அக்கா, இரு இரு, முழுசாக் கேளு" என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்து வருஷம் போனால் போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதாவது நிறுத்தம் தாண்டியதும் பங்க்காரர் வாசலில் நின்றிருந்தார். வழக்கமான கேலியாகச் சாவியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். இவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் எடுத்து, வேண்டாம் என்று அசைத்தார். வண்டி வேகம் குறையாமல் போனது. பின்னால் ஓர் அம்மாள் போனில், பஸ் நேரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.