பன்னிரண்டரைக்கு நின்ற புரோகிராம்

மாம்புரிக்குப் பக்கத்தில், கடலேரியான களப்பின் ஓரமாக இருக்கும் ஓர் இறால் பண்ணையில் கணினி வேலைகளைப் பார்ப்பவன் நான். குளங்களில் இறக்கியிருக்கும் கருவிகள் தண்ணீரில் ஒக்சிசன் எவ்வளவு என்று சொல்லும். நான் எழுதிய புரோகிராம் அதைப் படித்து, அளவு குறைந்தால் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரங்களைத் தானாக ஓடவிடும். பகல் இரண்டரை வரை எத்தாளையில் கணினி வகுப்பு எடுப்பதால், பண்ணைக்கு நான் போக மூன்று மணியாகும்.

ஒருநாள் போனபோது புரோகிராம் நின்றிருந்தது. நின்ற நேரம் பன்னிரண்டரை. திரும்ப ஓடவிட்டுவிட்டு வந்தேன். அடுத்த நாளும் அதே பன்னிரண்டரை. மூன்றாம் நாளும் அப்படியே ஆனபோது என் மனம் ஓர் ஆளில் போய் நின்றது.

மோட்டர்களையும் சக்கரங்களையும் பார்த்துக்கொள்பவர், அண்ணன் முறையில் நான் 'நானா' என்று கூப்பிடுபவர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம். இங்கே முகாமில் வளர்ந்தவர். நண்பகல் தொழுகையான லுஹரைத் தொழுதுவிட்டு, சோற்றுப் பார்சலோடு கணினி அறைக்குள் வந்து சாப்பிடுவார். மின்விசிறி அங்கே மட்டும்தான் இருந்தது. நேரம் சரியாகப் பொருந்தியது. காரணத்தையும் நானே கண்டுபிடித்தேன்: முன்பு குளத்தைக் கண்ணால் பார்த்து, கையால் சுவிட்சைப் போட்டுச் சக்கரங்களை ஓடவிட்டவர் அவர். என் புரோகிராம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. இதெல்லாம் தொடங்குவதற்கு முதல்நாள் கரண்ட் போய் வந்தபோது, கணினியைத் திரும்பப் போட்டவரும் அவர்தான்.

"நானா, கம்பியூட்டர்ல எதையும் அமத்தினீங்களா?"

"இல்ல தம்பி. அண்டைக்குக் கரண்ட் வந்தோட போட்டுவிட்டன், அவ்வளவுதான். ஏன் கேக்கிறீங்க?"

"சும்மாதான்."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். குற்றமுள்ளவன் இப்படித்தான் பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றே முதலாளியிடம் போனேன். "ஆரோ கை வைக்கிறாங்க ஹாஜியார்" என்றேன். யார் என்று அவர் கேட்டபோது, பகலில் அந்த அறைக்குள் போகிறவர் ஒருவர்தானே என்று சொன்னேன். புதுப் பூட்டு வாங்கி அறையைப் பூட்டினேன். சாவி என்னிடம்.

பூட்டிய மறுநாளும் புரோகிராம் பன்னிரண்டரைக்கு நின்றது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் நானாவிடம் கள்ளச் சாவி இருக்குமோ என்றுதான் தோன்றியது. அப்படி நினைப்பது எனக்குக் கொஞ்சமும் கஷ்டமாக இருக்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலையிலிருந்தே மப்பும் மழையும். வெயில் இல்லாத நாளில் குளத்தில் ஒக்சிசன் சீக்கிரம் குறைந்துவிடும். வகுப்பில் இருந்தபோது நானா எனக்கு நாலைந்து தரம் போன் எடுத்திருந்தார். நான் பார்க்கவில்லை. பண்ணைக்குப் போனால் அறைக் கதவு திறந்து கிடந்தது. பூட்டு உடைந்திருந்தது, பக்கத்தில் இரும்பு அலவாங்கு. சக்கரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நானா நனைந்தபடி, செத்த இறால்களை வலையால் அள்ளிக்கொண்டிருந்தார்.

"பூட்ட உடைச்சது நீங்களா?"

"ஓம், நான்தான். இறாலெல்லாம் கரைக்கு வந்து துடிக்குது. சுவிட்ச் உள்ளுக்க, சாவி உங்கட பொக்கட்டுக்க. நான் வேற என்ன செய்யிறது?"

சக்கரங்களின் கை சுவிட்சும் அந்த அறைக்குள்தான் இருக்கிறது என்பது பூட்டும்போது எனக்கு நினைவில்லை. அவர் வலையைக் கீழே வைத்தார்.

"தம்பி, நாளைக்கு வகுப்ப விட்டுட்டு வாங்க. பன்னிரண்டரைக்கு ரெண்டு பேரும் உள்ளுக்க இருப்பம். நான் கையக் கட்டிட்டு இருக்கிறன். நீங்க என்னப் பாருங்க."

மறுநாள் சுவரோரமாகக் கதிரையைப் போட்டு அவர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் திரையைப் பார்க்கவில்லை. அவருடைய கைகளையே பார்த்தேன்.

"நிண்டுட்டு" என்றார் அவர்.

திரும்பினேன். புரோகிராம் நின்றிருந்தது.

அதன்பிறகுதான் கணினி தானே எழுதி வைக்கும் பதிவைத் திறந்து பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. புரோகிராமை மூடியது, வருடங்களுக்கு முன் நானே எழுதிய ஒரு சிறிய கருவி. அது பழைய கணினி, நினைவகம் குறைவு. அதனால் தினமும் பன்னிரண்டரைக்கு மிச்ச நினைவகத்தைப் பார்த்து, ஒன்றும் மிஞ்சவில்லையென்றால் ஆகப் பெரிய புரோகிராமை மூடும்படி எழுதிவிட்டு மறந்துபோயிருந்தேன். மிச்சம் எவ்வளவு என்பதை, இயங்குதளத்தின் மையமான கேர்னல் வைத்திருக்கும் ஒரு கோப்பிலிருந்து அது படிக்கும். போன மாதம் ஒரு அப்டேட்டுக்கு நான் சம்மதித்திருந்தேன். கணினி அணைந்து எழும்பினால்தான் புதிய கேர்னல் வேலைக்கு வரும். கரண்ட் போன அன்று அது வந்துவிட்டது. புதிய கேர்னலில் அந்தக் கோப்பு அந்த இடத்தில் இல்லை. வேறு பெயரில், வேறு இடத்தில் இருந்தது. என் கருவி கோப்பைக் காணாமல், மிச்சம் பூச்சியம் என்று எடுத்துக்கொண்டது. உண்மையில் நினைவகம் தாராளமாக இருந்தது.

"ஆரு செஞ்சது?" என்று நானா கேட்டார்.

"நான்தான் நானா." விளக்கிச் சொன்னேன்.

"அது தேடினது அங்க இல்லெண்டா, இல்லெண்டு சொல்லாதா?"

"சொல்லுறதுக்கு நான் எழுதல்ல."

கருவியைத் திருத்தினேன். கோப்பைக் காணாவிட்டால் எதையும் மூடாமல் எனக்கு அறிவிக்கும்படி மாற்றினேன். பிறகு நானாவையும் கூட்டிக்கொண்டு ஹாஜியாரிடம் போய், பிழை என்னுடையது என்றும், அவரைச் சந்தேகப்பட்டுச் சொன்னது நான் என்றும் ஒப்புக்கொண்டேன்.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். நானா களப்பைப் பார்த்தபடி சொன்னார்.

"நாங்க வந்த நாள்ல இருந்து, இங்க என்ன காணாமப் போனாலும் முதல்ல எங்கடவங்களத்தான் பாப்பாங்க. நீங்களும் அப்பிடித்தானெண்டு இப்பதான் தெரியும்."



இப்போது கணினியில் எதை மாற்றுவதென்றாலும் அவரிடம் முதலில் சொல்கிறேன். என்ன மாறும், எது நிற்கக்கூடும் என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுவார். நான் போன பிறகு, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் ஒருதரம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போகிறார் என்று ஹாஜியார் சொன்னார்.