பென்டிரைவும் லயத்து வீட்டு எண்ணும்

அக்காவின் புருஷனை மச்சான் என்று கூப்பிட்ட வாயை எத்தனை முறை கொப்பளித்தாலும் கசப்பு போகவில்லை. அவர் என்று எழுதவும் மனம் வரவில்லை. அவன்மேல் எனக்கு இருப்பது கோபம் இல்லை, அருவருப்பு. அதில் பாதி என்மேலேயே.

வேலை முடிந்து வந்ததும் அவன் முதலில் கேட்பது அக்காவின் கைப்பேசியை. அடுத்து மடிக்கணினி. யாரிடம் பேசினாள், எதைத் தேடினாள், எல்லாம் பார்க்க வேண்டும் அவனுக்கு. ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே மறு கையால் தட்டுவான். எழுத்துப் பொத்தான்களின்மேல் குழம்பு காய்ந்து கிடக்கும். அந்தக் கணினியைத்தான் ஒருநாள் ஈப்போவில் நான் வைத்திருக்கும் பழுதுபார்க்கும் கடைக்கு அக்கா தூக்கிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியாம எழுதி வைக்கணும்டா. படமும் எடுத்து வைக்கணும்," என்று சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கைக்கு மேலே நாலு விரல் தடம் நீலம் பாரித்திருந்தது.

கணினிக்குள் இருப்பதைத் தொடாமல் வெளியிலிருந்தே ஓர் இயங்குதளத்தை ஓட்டலாம். அணைத்துவிட்டால் உள்ளே ஒரு தடயமும் தங்காது. முதலில் அதை ஒரு சிடியில் பதிந்து கொடுத்தேன். அந்தக் கிழட்டுக் கணினி மாவு மில் மாதிரி இரைந்தது. படங்களைச் சேமிக்கவும் அதில் வழியில்லை. அதனால் பென்டிரைவுக்கு மாற்றி, அதற்குள் பூட்டிய பகுதி ஒன்றை உண்டாக்கினேன். கடவுச்சொல் தெரியாமல் எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது என்று பீற்றிக்கொண்டேன்.

ஆறு சொற்களைக் கோத்து நீளமாக ஒன்று வை என்றேன்.

"அதெல்லாம் ஞாபகம் இருக்காதுலா. நம்ம வீட்டு நம்பரே போடேன்."

பீடோர் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், எங்கள் வீடு ஆறாவது லயம், பதினாலாம் நம்பர். தோட்டம் கைமாறி லயங்களை இடித்தபோது எங்கள் சனம் மொத்தமும் அதையே 0614 என்று லாட்டரி நம்பராக எடுத்தது. ஒருவருக்கும் அடிக்கவில்லை. ஆனால் அந்த எண் ஒட்டிக்கொண்டது. கேட் பூட்டு, கைப்பேசி, வங்கி அட்டை, எங்கும் அதுதான். இப்படி வைக்காதீர்கள் என்று கடைக்கு வருகிறவர்களைத் திட்டுகிற நான், என் கையாலேயே அதைத் தட்டினேன். அதே லயத்தில் மூன்று வீடு தள்ளி வளர்ந்தவன் அவன் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கணினியை அணைத்த அக்கா, பென்டிரைவைப் பிடுங்க மறந்துவிட்டாள். அவன் கணினியைத் திறந்தான். அது பென்டிரைவிலிருந்து ஓடிக் கடவுச்சொல் கேட்டது. 0614 என்று தட்டினான். எல்லாவற்றையும் படித்து, படங்களை அழித்துவிட்டு எனக்குப் போன் போட்டான். எதையோ மென்றுகொண்டே சிரித்தான்.

"என்ன மச்சான், பெரிய கம்ப்யூட்டர்காரன்னு சொன்னாங்க? மொத தடவையே தொறந்துடுச்சிலா!"

அந்தச் சிரிப்பு இன்னும் காதில் எச்சில் மாதிரி ஒட்டியிருக்கிறது.

மறுவாரம் அவன் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடினார்கள். கறிபாப்பைக் கடித்துக்கொண்டே பெரியப்பா என்னைக் கேட்டார்: "புருஷனுக்குத் தெரியாம பூட்டி வைக்கிறதுக்கு என்ன இருக்கு? நீ ஏன்யா அந்தச் சாமான செஞ்சி குடுத்த?" படத்தில் என்ன இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவன் எல்லாருக்கும் பணிவாகத் தேநீர் ஊற்றினான். நல்ல பையன் என்றார்கள்.

கிளம்பும்போது அக்கா கார் வரைக்கும் வந்தாள்.

"இன்னொன்னு செஞ்சி குடு."

"படமெல்லாம் போயிடுச்சேக்கா."

"புதுசு இருக்கு," என்றாள்.

திங்கட்கிழமை கடைக்கு வந்தாள். கடவுச்சொல் கேட்டதும் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீ அந்தப் பக்கம் திரும்பிக்கடா." அவனிடம் மறைப்பதுபோல என்னிடமும் மறைக்கிறாள் என்று உறைத்தது. வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை ஏது? சுவரைப் பார்த்து நின்றேன். அவள் தட்டுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

இப்போது அக்கா அவனை விட்டுவிட்டுச் சித்தியவானில் தனியாக இருக்கிறாள். புகார் கொடுக்கப் போன அன்று, போலீஸ் நிலையத்தில் பென்டிரைவைச் செருகிய அதிகாரி என்னைப் பார்த்துத்தான் கடவுச்சொல்லைக் கேட்டார். தெரியாது என்றேன். அக்கா கையை நீட்டிக் கணினியை வாங்கிக்கொண்டாள்.