பார்வை பட்டால் ஓங்கும் கை

கேம்ப் ரோடு சிக்னலில் என் கணவர் பாஸ்கரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அன்று அவர் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. பக்கத்து வண்டிக்காரன் திரும்பி, "இன்னா மொறைக்கிற?" என்றான்.

"சிக்னலப் பாத்துகினு கீறேன். உன்ன ஏன்யா மொறைக்கப் போறேன்?" என்றார் இவர்.

அவன் தன் ஹெல்மெட்டைக் கழற்றி இவர் நெற்றியில் அடித்தான். கீழே விழுந்த பிறகும் அடித்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். காலர் கிழிந்து கையோடு வந்தது. பச்சை விளக்கு எரிந்ததும் போய்விட்டான். இன்றுவரை அவன் பிடிபடவில்லை.

இவருக்கு கிரேனியெக்டமி (மூளை வீங்க இடம் கொடுப்பதற்காக மண்டையோட்டின் ஒரு துண்டை எடுத்து வைப்பது) செய்தார்கள். அடி இறங்கியது முன்மூளையில் (கோபத்தை அடக்கி வைக்கும் பகுதி). "பேசுவார், நடப்பார். ஆனா பழைய மனுஷனா வருவாரான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. எனக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது.

கீழ்க்கட்டளை வீட்டுக்கு அழைத்து வந்ததும் கஞ்சி ஊட்டினேன். மூடிக் கிடந்த அந்தக் கண்கள் திறக்காதா என்று ஐசியூ வாசலில் அழுதவள் நான். ஆசை தீர அவற்றையே பார்த்தேன். அவர் வீசிய தண்ணீர் டம்ளர் என் முகத்தில் வந்து மோதியது. புருவம் பிளந்து ரத்தம் கஞ்சியில் சொட்டியது. யாரோ என்னை அடித்துவிட்டதுபோல அவரே மிரண்டு பார்த்தார்.

அவர் தங்கை செல்லம் உதவிக்கு வந்தாள். அவளுக்கும் அறை விழுந்தது. "அண்ணன் எறும்பக்கூட மிதிக்காதே, அண்ணி" என்று அழுதாள். குளியலறைக் கண்ணாடியையும் குத்தி உடைத்தார். அதில் தெரிந்த முகம் பார்வையை விலக்கவே இல்லையாம்.

ஒரு மத்தியானம் என் கழுத்தைப் பிடித்தார். செல்லம் முதுகில் குத்திக் குத்தித்தான் அந்தப் பிடி விட்டது. கழுத்தில் விரல் தடத்தோடு டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"எப்பல்லாம் அடிக்கிறார்?"

"நான் பாக்கும்போது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நேரா ஒருத்தர் பாத்தா அவர் மூளைக்கு அடிக்க வர்ற மாதிரிதான் தெரியுது."

"அன்பாப் பாத்தாக்கூடவா?"

"இப்போதைக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா."

டாக்டரம்மா சொல்லிக் கொடுத்ததை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எதிரில் உட்காரவேண்டாம், தோளோடு தோளாக, நோயாளியின் உயரத்துக்கே உட்காருங்கள். நின்றபடி குனிந்து பார்க்காதீர்கள். முதலில் கூப்பிடுங்கள், பிறகு பாருங்கள். ஒரு சொல் சொல்லி முடிக்கும் நேரம் பார்த்தால் போதும். பார்வையை அவர் கைகளுக்கு இறக்கிவிட்டு மறுபடி முகத்துக்கு வாருங்கள். கடைசியாக டாக்டரம்மா சொன்னது: "பொறுத்துக்கறது வைத்தியம் இல்ல. குரல் மாறினாலே வெளிய போயிடுங்க. கதவத் தெறந்தே வைங்க." எங்களுக்கு மீன் வியாபாரம். வீட்டிலிருந்த கத்திகளை எல்லாம் செல்லம் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மாத்திரை மாற்றினார்கள். எலும்பைத் திரும்பப் பொருத்தினார்கள். நெற்றியோரம் ஒரு பள்ளம் தங்கிவிட்டது. அடிகள் குறைந்தன, நிற்கவில்லை. கடைக்கு வருவேன் என்று தினமும் அடம்பிடித்தார். ஒரு நாள் கூட்டிப் போனேன். அது என் தவறுதான்.

மீன் வாங்க வந்தவர் அந்தப் பள்ளத்தையே வெறித்துப் பார்த்தார். இவர் மூச்சு மாறியது. நான் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். கத்த வாய் திறந்தேன், அடக்கிக்கொண்டேன். பக்கத்தில் போய்த் தோளை ஒட்டி நின்று, மீனைப் பார்த்தபடியே, "மாமா, இந்த வஞ்சிரத்தத் துண்டு போடணும்" என்றேன். "சார், கண்ணக் கீழ எறக்குங்க. மீனப் பாருங்க."

கத்தி மேலே போனது. வஞ்சிரத்தின் நடுவில் இறங்கி, அடியிலிருந்த கட்டையையும் பிளந்தது. மீன்ரத்தம் மூவர் முகத்திலும் தெறித்தது. அந்த ஆள் ஓடிவிட்டார். இவர் என் பக்கம் திரும்பி, என் கண்ணைத் தானாகவே பார்த்தார்.

"பயந்துட்டியா?"

"ஆமா" என்றேன். அந்தச் சொல் முடியும்வரை பார்த்துவிட்டுத் தலை குனிந்தேன். அவர் பார்வையை எடுக்கவில்லை.

பிறகு அவரைக் கடைக்கு அழைத்துப்போகவில்லை. இப்போதும் சில நாள் சுவரைக் குத்துகிறார். அந்த நேரம் நான் தெருவில் நிற்கிறேன். யார் நேராகப் பார்த்தாலும் என் இடது தோள் தானாக முன்னே வருகிறது. பேங்கில், பஸ்ஸில், அம்மாவிடம்கூட. சின்னச் சின்னப் பார்வைகளாகவே என் நாள் நகர்கிறது. முழு முகத்தை ஒரே மூச்சில் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று நினைவில்லை.

நேற்று சாப்பாட்டுக்கு அவராகவே எனக்கு எதிரில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "கொழம்பு ஊத்து" என்றார். ஊற்றினேன். பார்த்துக்கொண்டே சாப்பிட்டார், நானும் பார்த்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. என் கைதான் முகத்துக்கு முன்னால் உயர்ந்தபடியே நின்றது. அதைக் கீழே இறக்க வெகுநேரம் ஆனது.