சசிரேகாவின் மேடுபள்ளக் கீபோர்டு

ஏற்காட்டு மலையில், ஒண்டிக்கடையில் இருக்கிற கமலக்கண்ணனின் ஜெராக்ஸ் கடைக்குப் போனால், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கீபோர்டைப் பார்க்கலாம். முதல்முறை பார்க்கிறவர்கள் அது உடைந்துபோனது என்றுதான் நினைப்பார்கள். வலது பக்கத்தில் ஆறு கீகள் மட்டும் மற்றவற்றைவிட அரை விரற்கடை உயர்ந்து, ஓட்டுக்கூரை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஆதார் நகல் எடுக்க வரும் சுற்றுலாக்காரர்கள் அதை ஒரு வேடிக்கைப் பொருளாகப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நன்றாகப் பிடிக்கட்டும். ஆனால் அந்த ஆறையும் தன் கையால் வார்த்தெடுத்தவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் அநியாயம்.

சசிரேகாவுக்கு முப்பத்தேழு வயது. வெள்ளக்கடைப் பக்கம் காப்பியும் மிளகும் கொஞ்சம் ஆரஞ்சும் போட்டிருக்கிற குடும்பம். காட்டு வேலை எல்லாம் அத்துப்படி. ஆனால் பத்தொன்பது வயதில் டைப் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவளுக்கு மனு எழுதுவதே வேலை. மனு எழுதுவது என்றால் சொன்னதை அப்படியே அடித்துக் கொடுப்பது என்று நினைத்துவிடக் கூடாது. திங்கட்கிழமை சேலத்தில் கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். மலைக்காரர்கள் விடிந்ததும் விடியாததுமாகக் கடைப் படியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். காலை பஸ் கிளம்புவதற்குள் மனு கையில் இருக்க வேண்டும். அவர்கள் தலையும் வாலும் இல்லாமல் குறையைக் கொட்டக் கொட்ட, சசிரேகாவின் விரல்கள் தாமாகவே ஓடும். சொன்னவர் முந்தானையால் மூக்கைத் துடைத்து முடிப்பதற்குள், அவர் மனசில் இருந்தது தாளில் வந்துவிடும். இது ஒரு கொடுப்பினை. எல்லாருக்கும் வாய்க்காது.

போன ஜூன் மாதம், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், அவளுடைய ஸ்கூட்டர் ஒரு வளைவில் ஈரச் சருகின் மேல் வழுக்கியது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் நொறுங்கிப்போயின. கட்டுப் பிரித்தபோது இரண்டும் விறைத்து நீட்டிக்கொண்டு நின்றன, மடங்கவில்லை. அவள் பழகிய தமிழ் கீபோர்டு முறையில் அந்த இரண்டு விரல்களுக்கும் சேர்ந்து ஆறு எழுத்துகள்: த, ட, ந, ண, ச, ய. இவை இல்லாமல் ‘ஐயா’ என்று தொடங்க முடியாது, தண்ணீர் கேட்க முடியாது, தாசில்தாரைக் கூப்பிட முடியாது. தன் பெயரைக்கூட அவளால் அடிக்க முடியவில்லை. மற்ற விரல்களை அங்கே அனுப்பிப் பார்த்தாள். இடம் மாறியதில் நல்ல விரல்களும் தடுமாற, ஒரு பக்கம் அடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

கமலக்கண்ணன் நல்ல மனிதர். நீ வாயால் சொல்லு, நான் அடிக்கிறேன் என்று அவரே உட்கார்ந்தார். இரண்டே விரலால் அவர் டைப் அடிப்பது, கோழி தானியம் பொறுக்குவது போல இருக்கும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சசிரேகாவுக்கு வாயால் மனு சொல்ல வரவில்லை. பதினெட்டு வருஷமாக வாக்கியம் அவளுக்கு விரலில் வந்திருக்கிறதே தவிர நாக்கில் வந்ததில்லை. வாயைத் திறந்தால் “மேற்படி பொருள் தொடர்பாக” என்று பழைய மனுக்களின் எலும்புதான் வந்து விழுந்தது.

அப்படிச் சொல்லி அடித்த மனுக்களில் ஒன்று சென்னம்மாளுடையது. சென்னம்மாள் அறுபதை நெருங்கிய மலைக்காரப் பெண்மணி. அவருடைய சொந்தக் காட்டுக்குப் போகிற பாதையில் பக்கத்து எஸ்டேட்காரர்கள் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். மாமியார் காலத்திலிருந்து நடந்த வழி அது. இப்போது தேய்ந்துபோன முழங்காலோடு, தலைச்சுமையோடு, மூன்று மைல் சுற்றிப் போக வேண்டும். மனு போய் ஒரு மாதம் கழித்து, பரிசீலிக்கப்பட்டது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. சென்னம்மாள் அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட சசிரேகாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆகஸ்டில் கமலக்கண்ணன் ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்தபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “தீவாளி வரைக்கும் பாக்கலாம் அம்மிணி. அதுக்கு மேல சேலத்துல இருந்து ஒரு ஆளக் கூப்புட்டுத்தான் ஆவோணும்.” அவரையும் தப்புச் சொல்ல முடியாது. திங்கட்கிழமைக் கூட்டம் பாதியாகக் குறைந்துபோயிருந்தது. அன்றிலிருந்து சசிரேகாவுக்கு ஒரே கவலை, அந்த நாற்காலி தன்னுடையதாகவே இருக்குமா என்பதுதான்.

வீட்டில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மெக்கானிக்கல் கீபோர்டு பற்றிய வீடியோ ஒன்று அவள் கண்ணில் பட்டது. சாதாரண கீபோர்டில் எல்லாக் கீகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு. இதில் அப்படி இல்லை. ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச், தனி ஸ்பிரிங். ஒன்றை மட்டும் பிடுங்கி வேறு போடலாம். மேலே உட்கார்ந்திருக்கிற எழுத்து போட்ட தொப்பியையும் தனியாகக் கழற்றலாம். கீகேப் என்கிறார்கள். வீடியோக்காரர்கள் அதில் பூவையும் பொம்மையையும் வைத்து வார்த்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சசிரேகா அந்த அழகைப் பார்க்கவில்லை. ஒரு விரலுக்கு மட்டும் கீயை மாற்றலாம் என்ற ஒன்றுதான் அவளுக்குத் தைத்தது.

முதல் பார்சலில் அவசரப்பட்டுவிட்டாள். அவள் வாங்கிய மெக்கானிக்கல் கீபோர்டின் ஸ்விட்சுகள் அழுத்தும்போதெல்லாம் ‘டக் டக்’ என்று சத்தம் போடுகிற ரகம். அவள் பழகிப் பார்த்த முதல் நாள், நகல் எடுக்க வந்த ஒரு பெரியவர் இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் கோபத்தில் அடிக்கிறாள் என்று நினைத்து, ஏனுங்க, நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனுங்களா என்று எழுந்தே நின்றுவிட்டார். சத்தமில்லாத, லேசான ஸ்பிரிங் உள்ள ஸ்விட்சுகளை வரவழைத்து அந்த ஆறு இடத்தில் மாற்றினாள். இப்போது தொட்டாலே கீ இறங்கியது. ஆனால் தொட வேண்டுமே. விறைத்த விரல் இரண்டும் கீக்கு மேலே அந்தரத்தில்தான் நின்றன.

விரல் இறங்காவிட்டால் கீயை ஏற்றினால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான். அழிரப்பரை வெட்டி ஒட்டிப் பார்த்தாள், அட்டையை மடித்து வைத்துப் பார்த்தாள். அடிக்க அடிக்க நழுவி விழுந்தன. கடைசியில் ரெசினுக்கு வந்தாள். இரண்டு பாட்டில் திரவத்தைச் சரிக்குச் சரியாகக் கலந்து ஊற்றினால் கல் மாதிரி இறுகிவிடும். கீகேப்பைச் சுற்றி டேப்பால் குட்டிச் சுவர் எழுப்பி, குமிழி வராமல் மெல்லக் கலக்கி, உள்ளே ஊற்றிவைத்தாள். ஜீப் ஓட்டுகிற புருஷன் வேலுசாமி எட்டிப் பார்த்து, ஆறு கீக்குப் பாயசம் ஊத்தறாளாம் என்று சிரித்தான்.

வீடியோவில் ஒரு நாள் போதும் என்றார்கள். நான்கு நாளாகியும் அது வெல்லப்பாகு மாதிரி விரலில் ஒட்டியது, மேலே வெள்ளையாக ஒரு பிசுக்கு வேறு. கலவைதான் தப்பு என்று மூன்று முறை திரும்பத் திரும்ப ஊற்றினாள். மூன்றும் பாகுதான். ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் மூடுபனியைப் பார்த்துச் சொக்கிப்போவார்கள். ஒரு தடவை ரெசின் ஊற்றிப் பார்த்தால் அந்தச் சொக்கு தெளிந்துவிடும். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து உட்காரும் மலையில், துவைத்த துணியே மூன்று நாள் காயாது. ரெசின் எப்படி இறுகும்? சூடும் உலர்ந்த காற்றும் வேண்டும் என்று புரிந்ததும், அவளுக்கு அடிவாரம் ஞாபகம் வந்தது. வாராவாரம் விரலுக்குப் பயிற்சி எடுக்கச் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறாளே, ரெசினையும் கூட்டிக்கொண்டு போனால் ஆயிற்று.

அக்டோபர் முதல் வாரத்தில், சீக்கிரம் இறுகுகிற ரகமாக வாங்கிக் கலந்து ஊற்றினாள். தூக்குப்போசியில் அரிசியைப் பரப்பி, ஆறு கீகேப்பையும் உருளாமல் அதில் நட்டுவைத்து, பைக்குள் வைத்து பஸ் ஏறினாள். உட்கார இடமில்லை. நிற்கிறவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி வைத்துக்கொள்வது நம் பஸ்களில் உள்ள நல்ல பழக்கம். ஓர் அம்மா கேட்காமலே கையை நீட்டிப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்படியே ஜன்னலில் சாய்ந்து தூங்கியும்விட்டார். பை அவர் கைக்குள் ஒருக்களித்தே கிடந்தது. அவ்வளவு அன்பாக வாங்கி வைத்துக்கொண்டவரை எழுப்பி, நேராகப் பிடியுங்கள் என்று எப்படிச் சொல்வது? இருபது வளைவும் இறங்கி, அடிவாரத்து வெயிலையும் தாண்டி, சேலம் வரும்வரை சசிரேகா பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற ராணி அன்று விரலை மடக்கிப் பார்த்தார், அளவெடுத்தார், போன மாத அளவோடு ஒப்பிட்டார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, இதற்கு மேல் மடங்காது, இனிமேல் வந்து போக வேண்டியதில்லை என்று பக்குவமாகச் சொன்னார். சசிரேகா தலையாட்டிவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணோரம் நின்று அழுதாள். அழுது முடித்துத் தூக்கைத் திறந்தால், ரெசின் கல்லாக இறுகியிருந்தது. ஆறும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கோணலாக. பையை வாங்கிக்கொண்ட அம்மாவின் மடியில் ஒருக்களித்தபடியே கெட்டிப்பட்டுவிட்டன. ஒரே நாளில் இரண்டு இடியா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் கடையில் சும்மா போட்டுப் பார்த்தாள். விரல் சரிவில் வழுக்கிக்கொண்டு போனது. எரிச்சலில் ஒன்றைப் பிடுங்கி, சரிவு தன் பக்கம் வருமாறு திருப்பிச் செருகினாள். மடங்காத விரல் நேராக நீண்டு வந்து அந்தச் சரிவில் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. லேசாக அமுக்கினாள். திரையில் ‘த’ வந்தது. மற்ற ஐந்தையும் திருப்பினாள். ‘சசிரேகா’ என்று அடித்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்றுகூடக் கவலைப்படாமல் வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தக் கோணல் கீகேப்புகளை மாதிரியாக வைத்து சிலிக்கோனில் அச்சு எடுத்ததும், உரசி வழவழப்பாக்கியதும், வாதத்தில் கை விழுந்த ஒரு கிளார்க்குக்கு அவர் விரலுக்குத் தகுந்தாற்போல வார்த்துக் கொடுத்ததும் பின்னால் நடந்தவை. இப்போது அப்படிப் பன்னிரண்டு பேருக்குச் செய்திருக்கிறாள். எல்லாரிடமும் முதலில் கேட்பது, விரல் எதுவரைக்கும் வருகிறது என்பதுதான். ஒரு தவற்றைத் தூக்கி எறியாமல் திருப்பிப் போட்டுப் பார்க்கிற மனசு எத்தனை பேருக்கு இருக்கிறது? நம்மில் பாதிப் பேர் அந்தத் தூக்கை அரிசியோடு கொட்டிவிட்டு வந்திருப்போம்.

அந்த வருஷத் தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கடைப் படியில் நான்கு பேர் காத்திருந்தார்கள். முதல் ஆள் சென்னம்மாள். திரும்பவும் மனு கொடுக்க வந்திருந்தார். கமலக்கண்ணன் வழக்கம்போல நாற்காலியை இழுக்கப் போக, கூட்டமில்லாத நேரங்களில் பழகி வந்த சசிரேகா முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சேலத்து ஆளை அவர் அன்று மாலை வரச்சொல்லியிருந்தார். அவள் பின்னால் வந்து நின்றார்.

சென்னம்மாள் கேட்டில் தொடங்கி, பூட்டுக்குப் போய், மாமியாருக்குத் தாவி, முழங்காலுக்கு வந்தார். விரல்கள் ஓடின. பழைய வேகம் என்று பொய் சொல்லக் கூடாது, முக்கால்வாசி இருக்கும். ஆனால் வாக்கியம் வந்துவிட்டது. ‘பூட்டிய கேட்டருகே நின்றால் என் காட்டுப் பலாமரம் கண்ணுக்குத் தெரிகிறது. அதைத் தொட நான் மூன்று மைல் நடக்கிறேன்.’ அந்த வரியைத் தோளுக்குப் பின்னாலிருந்து படித்த கமலக்கண்ணன், போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சேலத்துக்காரரிடம், வர வேண்டாமுங்க, ஆள் இருக்குது என்று அவர் சொன்னது உள்ளே கேட்டது.

‘ஆகவே’ என்று அடித்துவிட்டு சசிரேகா நிறுத்தினாள். என்ன கேட்பது என்கிற கடைசி வரிதான் பாக்கி. சென்னம்மாள் அதுவரை அந்தச் சாய்ந்த கீகளையும் அவற்றின் மேல் நீண்டிருந்த இரண்டு விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெரலு செரியாப் போச்சா கண்ணு?”

“இல்லீங்கம்மா. அது இனி மடங்காதுன்னுட்டாங்க. வெரலு வர்ற தூரத்துக்குக் கீயக் கொண்டாந்து வெச்சுட்டேன்.”

சென்னம்மாள் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“அப்ப எனக்கும் அதையே எழுது கண்ணு. இந்தக் காலும் இனிச் செரியாவாது. காலு போற தூரத்துக்கு வழியக் கொண்டாந்து வெக்கச் சொல்லு.”

சசிரேகாவுக்குக் கண் நிறைந்து திரை மங்கியது. எழுத்தைப் பார்க்காமலே அடித்தாள்: ‘ஆகவே ஐயா, என் கால் இனிச் சரியாகாது. அது போகும் தூரத்தில் என் வழியை எனக்குத் தாருங்கள்.’