லாயத்தில் படுத்த ராஜா

ஓட்டல் உத்தியோகத்தில் சாவி கொடுப்பது சுலபம். அந்த அறையில் முன்னே யார் படுத்தார் என்று சொல்வதுதான் கஷ்டம். விருந்தாளிகளிடம் பல்லைக் காட்டிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா! அடையாறு பக்கம் ஒரு பழைய ஜமீன் அரண்மனை இப்போது ஓட்டல். வருகிறவர்களை அறைக்குக் கூட்டிப்போய் அதன் சரித்திரத்தைச் சொல்வது என் வேலை. சரித்திரம் யாருக்குத் தெரியும்? எனக்குப் பெரிய மீசை இருந்தது, சேர்த்துக்கொண்டார்கள்.

எண் இல்லாத கதவுகள்

புது மேனேஜருக்கு அறை எண்கள் பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் எது எதுவாக இருந்ததோ அந்தப் பெயரையே பலகையில் எழுதிக் கதவில் மாட்டினார். அந்தப்புரம், பூஜையறை, குதிரைலாயம். அன்றைக்குப் பிடித்தது குழப்பம். அறை சுத்தம் செய்யும் செல்வி சாந்தோம்காரி. அந்தப்புரத்துக்குத் துண்டு கொண்டுபோனவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். "இன்னா பெருசு, ராணி ரூமுன்னு போனா உள்ள ஒரு தாடிக்காரன் ஷேவ் பண்ணிக்கினு கீறான்!"

பூஜையறை

பேரன் கல்யாணத்துக்கு வந்த மயிலாப்பூர் மாமிக்குப் பூஜையறை கிடைத்தது. பலகையைப் பார்த்ததும் செருப்பை வெளியே விட்டார். பெட்டியையும் வெளியே வைத்தார். கட்டிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு விளக்கேற்றி, தாராளமாகச் சாம்பிராணி போட்டார். அவ்வளவுதான். அபாய மணி அலறியது, கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. மேனேஜரும் நானும் ஓடிப்போய்ப் பார்த்தால், மாமி சொட்டச் சொட்ட, கைகூப்பியபடி நிற்கிறார். "அபிஷேகம் ஆயிடுத்து. நைவேத்தியம் எப்போ வரும்னு கேளுங்கோ!"

குதிரைலாயம்

மாமியை வேறு அறைக்கு மாற்றிய கையோடு மேனேஜர் என்னைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு விருந்தாளி அறையை மாற்றச் சொன்னால், என்னையே மாற்றிவிடுவாராம். அந்த நேரம் பார்த்து தி.நகர் நகைக்கடைக்காரர் ஒருவர் மனைவியோடு வந்து லாயத்தின் முன்னால் நின்றார். "இங்க படுக்க நான் என்ன குதிரையா?"

என் நாக்கு என்னைக் கேட்காமலே கிளம்பிவிட்டது. "ஐயா, ராணி கோபித்துக்கொண்டால் ராஜா இங்கேதான் வந்து படுப்பார். வெள்ளைக் குதிரை ஒன்று கழுத்தை நீட்டித் தலையணையாகக் கொடுக்கும். விடிந்ததும் ராணியே காபியோடு வந்து அழைத்துப்போவார்." நகைக்கடைக்காரர் முகம் மலர்ந்தது. மனைவி பெட்டியை உள்ளே இழுத்தபடி சொன்னார்: "வாங்க உள்ள. காபி வரும்னு மட்டும் காத்துக்கிட்டு இருக்காதீங்க."

ஜமீன் வாரிசு

அதற்கப்புறம் வருகிறவர்கள் எல்லாம் லாயம்தான் வேண்டும் என்றார்கள். மேனேஜருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நந்தனத்தில் ஃபிளாட்டில் இருக்கும் ஜமீன் வாரிசை வரவழைத்தார். கதை பொய்யென்றால் என் வேலை காலி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

வாரிசு என்னைவிட மூத்தவர். நான் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். கடைசியில் சுவரைத் தடவிப் பார்த்து, "இதே இடந்தான். எங்க தாத்தா சொல்லிச் சொல்லி அழுவார்" என்றார். மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் வாயில் பிறந்த குதிரை அவர் தாத்தா காலத்துக்கு எப்படிப் போனது? நான் திகைத்து நிற்கையில், வாரிசு என்னைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போய்க் காதில் சொன்னார்: "குதிரை வெள்ளையில்ல, கறுப்பு. இனிமே சரியாச் சொல்லும்."

அன்றிலிருந்து கறுப்பு என்றுதான் சொல்லி வருகிறேன். ஆனால் எங்கள் இரண்டு பேரில் புளுகன் யார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.